பத்து மார்க் பூச்சி

இலை நடந்தது! சத்தியமாகச் சொல்கிறேன், காற்று இல்லை, நீரோட்டம் இல்லை, வெள்ளை டிரேயில் ஒரு விரற்கடை தண்ணீருக்குள் சும்மா கிடந்த காய்ந்த இலைத் துண்டு ஒன்று தானாகக் கிளம்பி இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஊர்ந்து போனது. நான் போட்ட கத்தலில் வட்டக்கானல் சாலையில் பைக்கில் போய்க்கொண்டிருந்த இரண்டு பையன்கள், யாரோ ஓடைக்குள் விழுந்துவிட்டார்கள் என்று பயந்து, வண்டியைப் போட்டுவிட்டுச் சரிவில் இறங்கி ஓடி வந்தார்கள். "ஒண்ணுமில்ல தம்பி, இலை நடக்குது" என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வை இருக்கிறதே, அதை நான் பொருட்படுத்தவே இல்லை. ஏனென்றால் அடுத்த நிமிடம் அவர்களும் டிரேயின் மேல் குனிந்துவிட்டார்கள். அந்த இலைக்குள்ளே இருந்தது ஒரு கேடிஸ் பூச்சியின் புழு. விழுந்து ஊறிய இலையிலிருந்து நீள்வட்டமாக இரண்டு வில்லை வெட்டி, ஒன்றை மேலே போர்த்தி, ஒன்றைக் கீழே விரித்து, வாயிலிருந்து வரும் பட்டு நூலால் ஓரத்தைத் தைத்து, அந்த இரண்டுக்கும் நடுவில் படுத்துக்கொண்டு உலகத்தை ஏமாற்றுகிற ஜீவன். அனிசோசென்ட்ரோபஸ் என்று பெயர். பெயர் கிடக்கட்டும், தையலைப் பாருங்கள்!

கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் என்ன பார்ப்பார்கள்? ஏரி, தூண் பாறை, குணா குகை, கையில் ஒரு பை ஹோம்மேட் சாக்லேட். நானும் வருஷக்கணக்காக அப்படித்தான் வந்து போனேன். இப்போது காரில் ஏறினால் கண் முழுக்கப் பாலத்தின் அடியில்தான் இருக்கிறது. வளைவில் எங்காவது தண்ணீர்ச் சத்தம் கேட்டால் போதும், "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று டிரைவரின் தோளைத் தட்டுகிறேன். டிக்கியில் எப்போதும் ஒரு வலை, இரண்டு வெள்ளை டிரே, பேனாவுக்கு மை போடும் ஃபில்லர், பெயின்ட் பிரஷ், டீ வடிகட்டி, பூதக்கண்ணாடி. ஓடைக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று நாடி பார்க்க இவ்வளவுதான் வேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்தவர் விலங்கியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். நாங்கள் எல்லோரும் சார் என்றே கூப்பிடுகிறோம். கூட வருகிறவர்கள் கல்லூரிப் பிள்ளைகள், ஒரு வங்கி ஊழியர், பூம்பாறையில் மலைப்பூண்டு போடுகிற ஒரு விவசாயி, அப்புறம் நான்.

முதலில் இந்த மலையைக் கொஞ்சம் மேலிருந்து கற்பனை செய்துகொள்ளுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே கை நீட்டியது போல் 2,000 சதுர கிலோமீட்டர் சுமாருக்குப் படுத்துக் கிடக்கிறது பழனி மலை. மேல் முகட்டில் ஒரு மழைத்துளி விழுகிறது. ஒரு பக்கமாக உருண்டால் பாம்பாறு, மஞ்சளாறு, வராக நதி என்று ஏதோ ஒன்றின் கையைப் பிடித்து வைகைக்குப் போய் மதுரையைப் பார்க்கும். இன்னொரு பக்கமாக உருண்டால் பாலாறு, பொருந்தலாறு வழியாகச் சண்முக நதியாகிப் பழனியில் காவடிக்காரர்களின் தலையை நனைத்து, அமராவதியில் கலந்து, கரூருக்குப் பக்கத்தில் காவிரியையே தொட்டுவிடும். ஒரே மேகம், இரண்டு விதி! பெரியகுளத்தில் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீருக்குப் பேரிஜம் ஏரியில் பங்கு இருக்கிறது. ஆக மலை மேல் ஒரு ஓடைக்குக் காய்ச்சல் என்றால் கீழே யார் யாருக்கோ கஷாயம் தேவைப்படும். இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஆனால் முழங்கால் வரை அந்தத் தண்ணீரில் நின்று கால் மரத்துப்போகும்போதுதான் உடம்புக்குள் ஏறுகிறது.

சரி, வாருங்கள், நீங்களே இறங்குங்கள். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொள்ளுங்கள் (பிரயோஜனமில்லை, எப்படியும் நனையும்). காலை எட்டு மணி, சோலைக்குள்ளிருந்து வருகிற ஓடை, மேலே மரங்கள் கூரை போட்டிருக்கின்றன, பாசி வாசனை, ஊறிய இலை வாசனை, எங்கோ ஒரு சீகாரப்பூங்குயில் விசிலடிக்கிறது. தண்ணீர் வருகிற திசையைப் பார்த்து வலையை ஊன்றிக்கொள்ளுங்கள். வலைக்கு முன்னால் நின்று, காலால் கூழாங்கற்களைக் கிளறுங்கள், நன்றாக, மூன்று நிமிடம், வெட்கப்படாமல். கரையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நீங்கள் தண்ணீரில் நின்று ஆடுகிறீர்கள் என்றுதான் தோன்றும், தோன்றட்டும். கல்லுக்கடியில் ஒட்டிக்கொண்டிருந்தவை எல்லாம் பிடி விட்டு மிதந்து வலைக்குள் வந்து விழும். பெரிய கல்லைக் கையிலெடுத்துப் புரட்டி அடிப்பக்கத்தையும் பிரஷால் தடவி விடுங்கள். வலையைத் தூக்கி டிரேயில் கவிழ்த்தால் முதலில் ஒன்றும் தெரியாது. குப்பை, மணல், சருகு. அவசரப்படாதீர்கள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். தண்ணீர் தெளியும். அப்புறம் குப்பை அசையும்!

அந்தக் கணத்தை எப்படிச் சொல்வேன்! மணல் துகளை ஒட்டி ஒட்டி நத்தைக் கூடு வடிவத்திலேயே வீடு கட்டியிருக்கும் ஒன்று. ஹெலிகோசைக்கி. 1834-ல் ஐசக் லீ என்ற அமெரிக்க நத்தை நிபுணரே அதை நத்தை என்று நம்பிப் பெயர் வைத்துவிட்டார் என்றால் கட்டுமானத்தின் லட்சணத்தைப் புரிந்துகொள்ளுங்கள். கல்லோடு கல்லாகத் தட்டையாக, வட்டமாக, பழைய பத்து பைசா அகலம்கூட இல்லாமல் ஒட்டிக் கிடக்கும் ஒரு வண்டின் புழு. ஆங்கிலத்தில் தண்ணீர்க் காசு என்றே அழைக்கிறார்கள். நீர்ப்பரப்பில் வட்டமடிக்கும் சுழல்வண்டுக்குக் கண் இரண்டாகப் பிரிந்திருக்கிறது, மேல் பாதி வானத்தைப் பார்க்க, கீழ்ப் பாதி தண்ணீருக்குள் பார்க்க! அப்புறம் வருகிறார் ராஜா. ஸ்டோன்ஃபிளையின் குஞ்சு. பின்னால் இரண்டு வால், பழுப்பும் மஞ்சளுமாக உடம்பு, கால் இடுக்குகளில் வெள்ளைக் குஞ்சம் போல் செவுள். டிரேயில் வெயில் பட்டுத் தண்ணீர் கொஞ்சம் சூடானால், ஆக்சிஜன் குறைந்தால், இவர் என்ன செய்வார் தெரியுமா? தண்டால் எடுப்பார். ஆமாம், உடம்பை மேலும் கீழும் ஆட்டி ஆட்டித் தண்டால், செவுள்மேல் புதுத் தண்ணீர் பட வேண்டுமே! முதல் தடவை நான் அதைப் பார்த்துக் கைதட்டிச் சிரிக்க, சார் கோபமாக, "மூச்சு முட்டுது அதுக்கு, சிரிக்கிறீங்களே, நிழலுக்குக் கொண்டு போங்க முதல்ல" என்று அதட்டினார். டிரேயைத் தூக்கிக்கொண்டு நான் ஓடிய ஓட்டத்தில் பாதித் தண்ணீர் என் சட்டையில்.

இப்போது மார்க். இந்த விளையாட்டின் உயிரே அதுதான். பிரிட்டனில் பயாலஜிக்கல் மானிட்டரிங் ஒர்க்கிங் பார்ட்டி என்ற குழு 1980-ல் ஒரு பட்டியல் போட்டது. அழுக்கையே தாங்காத குடும்பத்துக்குப் பத்து, எதையும் தாங்கும் குடும்பத்துக்கு ஒன்று. தண்டால் ராஜாவின் பெர்லிடே குடும்பத்துக்குப் பத்து. தும்பிகளில் பல குடும்பங்களுக்கு எட்டு. சுழல்வண்டுக்கு ஐந்து. அட்டைக்கு மூன்று. மீன் தொட்டி வைத்திருக்கிறவர்கள் தீனியாக வாங்குகிற ரத்தப்புழுவின் குடும்பத்துக்கு இரண்டு. டியூபிஃபெக்ஸ் புழு வகைக்கு ஒன்றே ஒன்று. எத்தனை இருக்கிறது என்பது முக்கியமில்லை, எந்தெந்தக் குடும்பம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. கூட்டு, வகு, ஓடையின் ரேங்க் கார்டு தயார்! நம் நாட்டிலும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நெதர்லாந்துக்காரர்களோடு சேர்ந்து யமுனையில் பரீட்சித்து இதே வழியில் ஒரு முறையை வகுத்தது. சுத்தம் என்றால் நீலம், அப்புறம் வெளிர் நீலம், பச்சை, ஆரஞ்சு, கடைசியில் சிவப்பு என்று ஐந்து வண்ணம். நம்ம மதுரைக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்பதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு கொஞ்சம் விரியும். மதுரைக் கல்லூரியின் கே. ஜி. சிவராமகிருஷ்ணன் இந்த மலைகளின் ஓடைப் பூச்சிகளுக்காகவே ஆயுளைச் செலவிட்டவர். அவரும் கே. ஏ. சுப்பிரமணியனும் சேர்ந்து எழுதி, பெங்களூரின் ஏட்ரீ நிறுவனம் 2007-ல் வெளியிட்ட கையேடு எங்கள் கூட்டத்துக்குப் பஞ்சாங்கம். என் பிரதி ஓடையில் விழுந்து எழுந்து உப்பிப் போயிருக்கிறது, ஆனாலும் யாருக்கும் இரவல் தர மாட்டேன்.

ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து லேபுக்கு அனுப்பினால் போதாதா என்று கேட்பீர்கள். அனுப்பலாம், அனுப்பத்தான் வேண்டும். ஆனால் பாட்டில் நீங்கள் பிடித்த அந்த நிமிடத்தை மட்டும்தான் சொல்லும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எவனோ செப்டிக் டேங்க் லாரியை ஓடையில் திறந்துவிட்டால் விடிவதற்குள் எல்லாம் அடித்துக்கொண்டு போயிருக்கும், காலையில் பாட்டிலில் பளிங்குத் தண்ணீர். பூச்சிகள் அப்படியா? மாதக்கணக்கில் அதே கல்லடியில் குடியிருப்பவை, திண்ணையை விட்டு எழுந்திருக்காத தெருக்கோடிப் பாட்டிக்குத் தெரியாமல் அந்தத் தெருவில் என்ன நடந்துவிட முடியும்! பத்து மார்க் குடும்பங்கள் எல்லாம் காலி, இரண்டு மார்க் குடும்பம் மட்டும் கும்மாளம் என்றால் போன வாரமோ போன மாதமோ ஏதோ நடந்திருக்கிறது. எந்த விஷம் என்று பேர் சொல்லி அடையாளம் காட்ட அவற்றால் முடியாது, பெருவெள்ளம் அடித்த மறுவாரம் போய்ப் பார்த்தால் நல்ல ஓடையிலும் வீடு காலியாகத்தான் இருக்கும். இவ்வளவுதான் குறை, இதையும் ஒரு குறையென்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அதற்காக ரசாயனத்தை நான் ஒதுக்கிவிட்டேன் என்று நினைக்காதீர்கள், ஐயோ, விங்க்ளர் சோதனையைப் பற்றிச் சொல்லாமல் எப்படி! லாயோஷ் விங்க்ளர் என்ற ஹங்கேரிக்காரர் 1888-ல் கண்டுபிடித்தது, தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்று அளக்க. ஓடைக்கரைப் பாறையில் உட்கார்ந்து செய்ய வேண்டும். காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் பாட்டிலை நிரப்பி, முதல் சொட்டு மருந்து, இரண்டாவது சொட்டு மருந்து, மூடிக் குலுக்கு: பாட்டிலுக்குள் பழுப்பு மேகம் கிளம்பும்! மேகம் எவ்வளவு கருத்த பழுப்போ அவ்வளவு பிராணவாயு. அமிலம் விட்டால் மேகம் மறைந்து மொத்தமும் தேன் நிறம். இன்னொரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் தேன் வெளுத்து வைக்கோல் மஞ்சளாகும். கஞ்சிக் கரைசல் இரண்டு சொட்டு, சட்டென்று கரு நீலம்! மறுபடி சொட்டு, சொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு சொட்டு... போச்சு, நீலம் முழுக்க மாயம், வெறும் தண்ணீர். அந்தக் கடைசிச் சொட்டுக்கு நான் வாய்விட்டு "ஆஹா" என்று சொல்லாத நாள் இல்லை. ஏழாயிரம் அடி உயரத்தில் காற்றே மெல்லியது, ஆக்சிஜன் கரைவதும் குறையும், ஆனால் குளிர்ந்த தண்ணீர் அதிகமாகப் பிடித்துவைத்துக்கொள்ளும், பாறையில் விழுந்து புரண்டு வரும்போது இன்னும் கொஞ்சம் அள்ளிக்கொள்ளும். இயற்கை போடுகிற கணக்கைப் பாருங்கள்! கலங்கலை அளக்க வட்டத் தட்டு ஒன்றைத் தண்ணீருக்குள் இறக்குவார்களே, அதை 1865-ல் கொண்டுவந்த ஏஞ்சலோ செக்கி, சூரியனை ஆராய்ந்த ஒரு ஏசு சபைப் பாதிரியார். 1899-ல் நிறுவப்பட்டுச் சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கும் வானாய்வகமும், செண்பகனூரில் ஏசு சபையும் உள்ள ஊரில் நின்று அவருடைய தட்டைத் தண்ணீரில் விடுவது எனக்கு ஒரு கூடுதல் கிளுகிளுப்பு. வேறு யாருக்கும் இது பெரிய விஷயமாகப் படவில்லை, நான்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நகரத்துக்குள் ஓடுகிற ஒரு ஓடையிலும் இறங்கினோம். பெயர் வேண்டாம். சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே, ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு வலையைப் போட்டால் டிரே முழுக்கச் சிவப்பு நூல்கள் நெளிகின்றன. ரத்தப்புழு. உங்கள் ரத்தத்திலும் என் ரத்தத்திலும் இருக்கும் ஹீமோகுளோபினின் ஒரு வகை அதன் உடம்பிலும் இருக்கிறது, அதனால்தான் ஆக்சிஜன் செத்துப்போன சேற்றிலும் அதால் மூச்சுவிட முடிகிறது. வருத்தப்பட வேண்டிய இடம், தெரியும். நானோ பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு "என்னா சிவப்பு, என்னா சிவப்பு" என்று குதிக்கிறேன். டீக்கடை அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, மீன் பிடிக்கிறீகளா?" என்று கேட்டார். விளக்கினேன், நீளமாகவே விளக்கினேன், டீ ஆறிப்போய் இன்னொரு டீ போட்டுக்கொடுத்தார்.

இந்த ஊரின் தண்ணீருக்கு ஒரு பழைய காயம் இருக்கிறது, அதைத் தாண்டிப் போக முடியாது. பாம்பாறு அருவியில் பச்சை நீச்சலுடைப் பெண் குளித்த லிரில் சோப்பு விளம்பரம் நினைவிருக்கிறதா? இன்றும் லிரில் அருவி என்றே சொல்கிறார்கள். அந்தச் சோப்பு இந்துஸ்தான் லீவருடையது. பாம்பாறு சோலைக்கு மேலே முகட்டில் இருந்த தெர்மாமீட்டர் ஆலையும் 1987-ல் அதே கம்பெனியின் கைக்கு வந்தது! 2001-ல் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு மூட்டை மூட்டையாகக் கிடந்தது வெளியே தெரிந்து ஆலை மூடப்பட்டது. 2003-ல் 290 டன் கழிவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். கொடைக்கானல் ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை ஹைதராபாத்தின் அணுசக்தித் துறை விஞ்ஞானிகள் 2006-ல் எழுதினார்கள். பாதரசத்தைக் கண்டுபிடிக்க என் டீ வடிகட்டி போதாது, அதற்கு அவர்கள்தான் வேண்டும். ஆனால் ஓடையைத் தினமும் எட்டிப் பார்க்க நாலு பேர் இருக்கிற ஊரில் ரகசியம் கொஞ்சம் சீக்கிரம் வெளியே வரும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

அந்தப் பாம்பாறுதான் மலையை விட்டுக் குதித்துக் கும்பக்கரை அருவியாகிறது. இனிமேல்தான் விஷயமே, கவனமாகக் கேளுங்கள்! பெரியகுளத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டர்தான், வண்டியில் போகும்போது சார் சாதாரணமாக, வெற்றிலை போட்டுக்கொண்டே, "கும்பக்கரை பேர்ல ஒரு பூச்சி இருக்கு தெரியுமா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1989-ல் வேங்கடராமனும் சிவராமகிருஷ்ணனும் உலகத்துக்கு அறிமுகப்படுத்திய மேஃபிளை இனம். அஃப்ரோனூரஸ் கும்பக்கரையென்சிஸ்! சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், கும்பக்கரையென்சிஸ், லத்தீன் பேசும் பெரியகுளம்! நான் வண்டிக்குள்ளேயே அதை ராகம் போட்டுப் பாட ஆரம்பித்துவிட்டேன், கல்லூரிப் பிள்ளைகள் தாளம் தட்டினார்கள். அதைவிட, அது சேர்ந்த ஹெப்டஜினிடே குடும்பத்துக்குப் பட்டியலில் எத்தனை மார்க் தெரியுமா? பத்து! முழுசாகப் பத்து! வனத்துறைக்காரரிடம் சொல்லிவிட்டு, யானைக்கெஜம், குதிரைக்கெஜம், பாம்புக்கெஜம் என்று பள்ளத்துக்கொரு பெயர் வைத்திருக்கிற அந்தப் பாறைகளுக்கு மேலே, கூட்டம் குளிக்காத ஒரு இடத்தில் இறங்கினோம். இரைச்சல், முகத்தில் சாரல், பாறை வழுக்குகிறது, ஒரு கையால் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கல்லைப் புரட்டுகிறேன், ஒன்றுமில்லை, அடுத்தது, ஒன்றுமில்லை, அடுத்தது... ஒட்டியிருக்கிறது! தட்டையான தலை, தட்டையான உடம்பு, அடிக்கிற தண்ணீர் மேலேயே வழுக்கிப் போகும்படி கல்லோடு கல்லாகப் படிந்து, மூன்று நீள வால், வயிற்றின் இரண்டு பக்கமும் செவுள்கள் இலை இலையாகத் துடிக்கின்றன, விரலை நீட்டினால் நண்டு நகர்வது போலப் பக்கவாட்டில் ஓடி ஒளிகிறது! கும்பக்கரையென்சிஸ்தானா என்று உறுதி சொல்ல மைக்ரோஸ்கோப் வேண்டும், சார் அடித்துச் சொல்ல மறுத்துவிட்டார், குடும்பம் அதுதான் என்றார், எனக்கு அது போதும், போதும் போதும், இது இன்னும் கொஞ்ச நாளில் இறக்கை முளைத்து மேலே பறக்கும், இறக்கை முளைத்த பிறகும் இன்னொரு தடவை தோல் உரிக்கும், பூச்சி உலகத்திலேயே அந்த வித்தை இந்தக் கூட்டத்துக்கு மட்டும்தான் உண்டு, அப்புறம் வாய் இருந்தும் சாப்பிடாமல் ஒரு நாளோ சில மணி நேரமோ காற்றில் ஆடிவிட்டு முட்டையிட்டுப் போய்ச் சேரும், அத்தனைக்கும் முன்னால் என் உள்ளங்கையளவு கல்லில், கும்பக்கரையின் பெயரைச் சுமந்த இனத்தின் குடும்பத்துப் பிள்ளை! எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஐம்பதைத் தாண்டிய ஆள், ஈர பேன்ட்டோடு, ஒரு பூச்சியைப் பார்த்து அழுகிறேன். பிள்ளைகள் வீடியோ எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொள்ளட்டும்.

கீழே குளித்துவிட்டு வந்த கூட்டம் டிரேயைச் சுற்றி நின்றுவிட்டது. தலையில் எண்ணெயும் சீயக்காயுமாக ஒரு அம்மா, "இதுக்கு மார்க்கு வேற போடுவாகளாக்கும்" என்று சிரித்தார். அவருடைய பேரன், ஆறாவதோ ஏழாவதோ படிப்பான், சிரிக்கவில்லை. பூதக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டான். திருப்பித் தரவில்லை. "எங்க வீட்டுக்குப் பின்னாடி வாய்க்கா இருக்கு, வாங்க சார், அதுக்கும் போடுவோம்" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தான். போனோம். வலையைப் போட்டோம். டிரே தெளியும்வரை அவனால் நிற்க முடியவில்லை. சிவப்பாக நெளிந்தது.

"இது எத்தனை?"

"ரெண்டு."

"பத்துக்கா?"

"பத்துக்குத்தான்."

முகம் சுண்டிப்போய் ஒரு கணம் நின்றான். பிறகு டிரேயை என் கையில் திணித்துவிட்டு, வாய்க்காலோரமாகத் தண்ணீர் வருகிற பக்கத்தைப் பார்த்து விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தான். "அங்குட்டு எங்கடா போற?" என்று பாட்டி கத்தினார்.

"மேல போய்ப் பாக்கணும்ல அப்பத்தா, எந்த எடத்துல ஃபெயிலாச்சுன்னு!"

வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் அவன் பின்னால் ஓடினேன்.